எந்தக் கல்லூரியில் சேர்ப்பது?
கரிசற் பூமியின் பெற்றோருக்குச் சில சிந்தனைகள்

மேல்நிலைத் தேர்வின் முடிவுகள் வெளிவரும் மே மாதம் நம் குடும்பங்களில் மகிழ்ச்சியும் கலக்கமும் ஒருங்கே குடிபுகும் மாதமாகும். மகன் தேறிவிட்டான் என்ற மகிழ்ச்சி ஒரு பகல் நிற்கும். மாலைக்குள், "அடுத்து எங்கே?" என்ற வினா வீட்டு வாசலில் வந்து அமர்ந்துகொள்ளும். அண்டை வீட்டார் ஒரு கல்லூரியைச் சொல்வர். நகரத்திலிருந்து வரும் உறவினர் வேறொன்றைச் சொல்வர். சுவரொட்டிகள் பத்துக் கல்லூரிகளைச் சொல்லும். மூன்றாண்டோ நான்காண்டோ பிள்ளையின் வாழ்வையும் பெற்றோரின் உழைப்பையும் முழுமையாகக் கேட்டு வாங்கப்போகும் இத்தீர்மானம், பல வீடுகளில் இரண்டொரு நாள்களுக்குள் அவசர அவசரமாக எடுக்கப்படுகிறது. ஆடு வாங்கப் போனாலும் பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்கும் நாம், கல்லூரியை மட்டும் பெயரைக் கேட்டவுடன் தேர்ந்துவிடுவது முறையாகுமா? இதைப் பற்றிச் சற்று நிதானமாகச் சிந்திப்போம்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி, காரியாபட்டி, நரிக்குடி ஆகிய இப்பகுதிகள் வானம் பார்த்த பூமி என்பதை நாம் சொல்லி யாரும் அறிய வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழை கண்மாயை நிரப்பினால் நெல். நிரப்பாவிட்டால் பருத்தி, சோளம், மல்லி, மிளகாய். அதுவும் பொய்த்தால் சீமைக் கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவது, நூற்பாலைக்குப் போவது, திருப்பூருக்குப் பேருந்து ஏறுவது. இந்த மண்ணிலிருந்துதான் வியக்கத்தக்க ஒரு செய்தியும் கிடைக்கிறது. 2023ஆம் ஆண்டு மேல்நிலைப் பொதுத் தேர்வில் தமிழ்நாட்டிலேயே முதலிடம் பெற்றது விருதுநகர் மாவட்டம், தேர்ச்சி 97.85 விழுக்காடு. இது ஓராண்டின் அதிசயமன்று. அதற்கு முன்னும் பல ஆண்டுகள் இம்மாவட்டமே முன்னணியில் நின்றதுண்டு. ஆயினும் 2018ஆம் ஆண்டு நடுவண் அரசு, வளர்ச்சியில் கைதூக்கிவிடப்பட வேண்டிய மாவட்டங்களைப் பட்டியலிட்டபோது தமிழ்நாட்டிலிருந்து அதில் இடம்பெற்றவை இரண்டே; ஒன்று இராமநாதபுரம், மற்றொன்று இதே விருதுநகர்.

தேர்வில் முதலிடம், வாழ்க்கை வளத்தில் பின்னிடம். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள பள்ளத்தைத் தாண்டும் பாலம்தான் கல்லூரிப் படிப்பு. பாலம் உறுதியாக இருக்கிறதா என்று பார்த்துக் கால் வைக்க வேண்டாமா?

படிப்பு முதலில், கல்லூரி பிறகு

நம்மில் பெரும்பாலோர் முதலில் கல்லூரியைத் தேர்ந்துகொண்டு, பின்னர் அங்கே எந்தப் பாடம் கிடைக்கிறதோ அதில் பிள்ளையைச் சேர்க்கிறோம். இது தலைகீழான முறை. பெரிய கல்லூரி என்பதற்காகத் தனக்குச் சற்றும் விருப்பமில்லாத பாடத்தில் சேரும் மாணவன், முதல் பருவத் தேர்விலேயே தளர்ந்துவிடுகிறான். எனவே முதல் வினா, "எந்தக் கல்லூரி?" என்பதன்று, "இப்பிள்ளை எதைக் கற்க விரும்புகிறது, எதைக் கற்கும் ஆற்றல் அதற்கு உண்டு?" என்பதே.

பொறியியல், மருத்துவம் என்ற இரண்டு வாசல்கள் மட்டுமே உண்டு என எண்ணுவதும் தவறு. வணிகவியல், கணிதம், தமிழ், ஆங்கிலம், சமூகப் பணி, சட்டம், வேளாண்மை, செவிலியம் எனப் பல வழிகள் உள்ளன. மழையை நம்பி வாழும் நமக்கு வேளாண் கல்வி அயலானதன்று. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி மதுரையில் 1965 முதல் இயங்கி வருகிறது. மானாவாரிப் பயிர்களை ஆராயும் நிலையம் கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்டது. கரிசல் மண்ணைத் தந்தையிடம் கற்ற பிள்ளை அதையே அறிவியலாகவும் கற்பதில் இழிவு ஏதுமில்லை, உயர்வே உண்டு.

தொழிற்கல்வியையும் தாழ்வாக எண்ணுதல் கூடாது. ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் படிப்புகள் குறைந்த செலவில் கைத்தொழிலைத் தருகின்றன. பாலிடெக்னிக் பட்டயம் பெற்றவர் பின்னர் பொறியியல் கல்லூரியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர வழியுண்டு. வீட்டு நிலைமை இன்று இடங்கொடாவிடினும், படிப்படியாக ஏற இது நல்ல ஏணி.

பெயர்ப்பலகை ஒன்று, கட்டணம் இரண்டு

பெற்றோர் பலர் அறியாத செய்தி ஒன்றை இங்கே அழுத்தமாகக் கூற விரும்புகிறோம். கல்லூரிகள் பொதுவாக மூவகைப்படும்: அரசுக் கல்லூரி, அரசு உதவி பெறும் கல்லூரி, சுயநிதிக் கல்லூரி. அரசுக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. உதவி பெறும் கல்லூரியில் ஆசிரியருக்கு அரசே ஊதியம் தருவதால் அங்கும் கட்டணம் தாங்கக்கூடியதே. சுயநிதிக் கல்லூரியிலோ செலவு முழுவதும் மாணவர் தலையில்தான் விழும்.

ஆனால் ஒரே கல்லூரியின் ஒரே வளாகத்துக்குள் உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் அடுத்தடுத்த அறைகளில் நடக்கக்கூடும். பெயர்ப்பலகை ஒன்றே, பட்டமும் ஒன்றே, கட்டணம் மட்டும் வேறு. "நம் பிள்ளைக்கு அந்தக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது" என்று மகிழ்ந்து சென்ற தந்தை, பணம் கட்டும் அறையில் தொகையைக் கேட்டுத் திகைத்து நிற்பது இதனால்தான். ஆதலின் விண்ணப்பம் நிரப்பும்போதே, "இப்பாடம் உதவி பெறும் பிரிவா, சுயநிதிப் பிரிவா? மூன்றாண்டுக்கும் ஆகும் மொத்தச் செலவு என்ன?" என்று கேட்டறிய வேண்டும். முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் கேட்டுத் திருப்தி அடைதல் ஆகாது. தேர்வுக் கட்டணம், பேருந்துக் கட்டணம், விடுதி, சீருடை, மடிக்கணினி ஆகிய அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள். மழை பொய்த்த ஆண்டிலும் அத்தொகையைக் கட்ட இயலுமா என்பதே உண்மையான கணக்கு.

கல்லூரியின் தரத்தை அளக்கவும் சில அளவுகோல்கள் உண்டு. 1994இல் நிறுவப்பட்ட 'நாக்' என்னும் தேசிய மதிப்பீட்டுக் குழு கல்லூரிகளுக்குத் தரநிலை வழங்குகிறது. பொறியியல் கல்லூரியாயின், ஒவ்வொரு கல்லூரியிலும் எத்தனை விழுக்காட்டினர் தேறினர் என்பதை அண்ணா பல்கலைக்கழகம் பருவந்தோறும் வெளியிடுவதைப் பார்க்கலாம். கட்டடத்தின் உயரம் தரமாகாது. நூலகத்தில் பிள்ளைகள் அமர்ந்திருக்கிறார்களா, ஆய்வுக்கூடக் கருவிகளில் தூசி படிந்திருக்கிறதா, ஆசிரியர்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறிக்கொண்டே இருக்கிறார்களா என்பவற்றை நேரில் சென்று காணுங்கள். அங்கே படிக்கும் நம் ஊர்ப் பிள்ளை ஒருவரைத் தனியே கேட்டால், விளம்பரம் சொல்லாததை அவர் சொல்வார்.

அருகில் இருப்பவை இகழத்தக்கவையல்ல

அரை நூற்றாண்டுக்கு முன் இவ்வட்டாரத்துப் பிள்ளைக்குக் கல்லூரி என்றால் விருதுநகர் அல்லது மதுரைதான். விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947இல் தோன்றியது. பெண்களுக்கான வன்னியப் பெருமாள் கல்லூரி 1962இல் எழுந்தது. அருப்புக்கோட்டைக்கு 1970ஆம் ஆண்டே பொன்னாண்டாயிற்று. நெசவுத் தறியில் உழைத்த தேவாங்கர் சமூகம் தேவாங்கர் கலைக் கல்லூரியையும், நாடார் உறவின்முறையார் சைவபானு சத்திரியக் கல்லூரியையும் அவ்வாண்டிலேயே தொடங்கினர். தறியும் கடையும் சேர்த்த காசில் கல்லூரி எழுந்ததை இந்த ஊர் கண்டது. அதே 1970இல்தான் மதுரைக்கு மேற்கே கருமாத்தூரில் இயேசு சபையினர் அருள் ஆனந்தர் கல்லூரியைத் தோற்றுவித்தனர் என்பதும் நினைவுகூரத்தக்கது.

திருச்சுழிக்கோ இந்த வாய்ப்பு மிகவும் காலந்தாழ்ந்தே வந்தது. 2021ஆம் ஆண்டின் திருத்திய வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்நாடு அரசு அறிவித்த பத்துப் புதிய கலை அறிவியல் கல்லூரிகளுள் திருச்சுழியும் ஒன்று. விருதுநகரின் அரசு மருத்துவக் கல்லூரி 2022 சனவரி 12இல் திறக்கப்பட்டது. நம் பாட்டன்மார் கனவிலும் காணாதவை இவை.

அருகிலுள்ள கல்லூரி என்றால் மட்டம் என்னும் எண்ணம் நம்மிடம் வேரூன்றிவிட்டது. நரிக்குடிப் பக்கத்துச் சிற்றூர்க் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்ப்போம். தந்தைக்கு மூன்று ஏக்கர் புஞ்சை, இரண்டு பிள்ளைகள். மூத்தவளை மதுரையில் சுயநிதிப் பிரிவில் சேர்த்து விடுதியிலும் வைத்தால், இளையவன் மேல்நிலைப் பள்ளி முடிக்கும்போது கையில் ஒன்றும் மிஞ்சாது. அவளே திருச்சுழி அரசுக் கல்லூரியில் சேர்ந்து வீட்டிலிருந்தே சென்று வந்தால், இருவரும் பட்டம் பெறலாம். அவள் முதுகலையை மதுரையில் தொடரவும் வழி பிறக்கும். ஒரு பிள்ளையின் புகழுக்காக மற்றொரு பிள்ளையின் வாய்ப்பைப் பலியிடுவது அன்பின் செயலாகாது. 2021 மே மாதம் முதல் பெண்கள் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லலாம் என்ற ஏற்பாடு வந்தபின், வீட்டிலிருந்து சென்று படிப்பதன் செலவு மேலும் குறைந்ததை நாம் கண்டோம்.

எனினும், அருகே இல்லாத பாடத்தை விரும்பும் பிள்ளையை, அருகில் உள்ளது என்பதற்காகவே கிடைத்ததில் தள்ளிவிடுவதும் நேர்மையன்று. மதுரையில் அமெரிக்கன் கல்லூரி 1881 முதலும், லேடி டோக் கல்லூரி 1948 முதலும், நம் அருட்சகோதரியரின் பாத்திமா கல்லூரி 1953 முதலும் கற்பித்து வருகின்றன. பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரி 1923இல் தொடங்கியது. திருச்சி தூய வளனார் கல்லூரி 1844இல் நாகப்பட்டினத்தில் பிறந்து 1883இல் திருச்சிக்குப் பெயர்ந்தது. கத்தோலிக்கக் கல்லூரிகளில் நம் பிள்ளைகளுக்கெனச் சில இடங்கள் ஒதுக்கப்படுவது வழக்கம். அதற்குத் திருமுழுக்குச் சான்றும் பங்குத் தந்தையின் கடிதமும் கேட்பர். கடைசி நாளில் பங்குத் தந்தையைத் தேடி ஓடாமல், முடிவுகள் வருமுன்னரே அவற்றைப் பெற்று வைத்தல் நலம். ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: "நம்முடைய கல்லூரிதானே, எப்படியும் இடம் தருவார்கள்" என்று அதை மட்டும் நம்பி, வேறெங்கும் விண்ணப்பிக்காமல் இருப்பது பேதைமை.

பெண்மக்களை அனுப்பும்போது

"பெண்பிள்ளையை எப்படி அவ்வளவு தொலைவு அனுப்புவது?" என்னும் தாயின் அச்சத்தை நாம் எள்ளி நகையாடவில்லை. அந்த அச்சத்துக்குக் காரணம் நம் ஊரிலேயே உண்டு. 2018 ஏப்ரலில் நாடே அதிர்ந்த செய்தி ஒன்று வெளியாயிற்று. நம் வட்டாரக் கல்லூரி ஒன்றில் பணியாற்றிய உதவிப் பேராசிரியை, மாணவியர் நால்வரைத் தொலைபேசியில் அழைத்து, உயர்பதவியில் உள்ளோரின் தகாத விருப்பத்துக்கு இணங்கினால் மதிப்பெண்ணும் பணமும் கிடைக்கும் என்று ஆசை காட்டினார். மாணவியர் மறுத்தனர். அவ்வுரையாடலின் ஒலிப்பதிவு வெளிவந்தது. அவர் கைது செய்யப்பட்டார். ஆறு ஆண்டுகள் கழித்து, 2024 ஏப்ரல் 30இல், திருவில்லிபுத்தூர் மகளிர் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட இருவர் விடுவிக்கப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியிலிருந்து இருவேறு பாடங்களைக் கற்கலாம். "பெண்ணைப் படிக்கவே வைக்கக்கூடாது" என்பது ஒன்று. அது தவறான பாடம். தீங்கு நேர்ந்தது தொலைதூர நகரத்தில் அன்று, வீட்டுக்கு அருகிலேயே. ஆகவே வீட்டருகே இருப்பதே காப்பு என்றும் சொல்வதற்கில்லை. உண்மையான காப்பு எது? எளிய குடும்பங்களிலிருந்து வந்த அந்த இளம்பெண்கள், தங்களினும் மேலான நிலையிலிருந்தவரிடம் "வேண்டாம்" என்று சொன்னார்களே, அந்தத் துணிவுதான் காப்பு. அத்துணிவை ஊட்டுவது கல்லூரி அன்று, வீடு. "என்ன நேர்ந்தாலும் எங்களிடம் சொல், உன்னை ஏசமாட்டோம், படிப்பை நிறுத்தவும் மாட்டோம்" என்ற உறுதியைப் பெற்றோர் முன்கூட்டியே கொடுத்திருக்க வேண்டும். சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று அஞ்சும் பெண், எதையும் சொல்லமாட்டாள்.

2013ஆம் ஆண்டின் சட்டத்தின்படியும் பல்கலைக்கழக மானியக் குழுவின் ஒழுங்குமுறைகளின்படியும், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு ஒவ்வொரு கல்லூரியிலும் இருத்தல் வேண்டும். சேர்க்கையின்போது அக்குழுவினர் யார் என்று கேளுங்கள். விடுதியைச் சென்று பாருங்கள், காப்பாளரிடம் பேசுங்கள், குளியலறையையும் சமையற்கூடத்தையும் காணுங்கள். கேள்விக்கு முகஞ்சுளிக்கும் நிருவாகம் எதையோ சொல்லாமல் சொல்கிறது. ஆண்பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். பகடிவதைக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 1997இலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

பணமின்மை தடையாகாதபடி

உதவிகள் இருப்பதை அறியாமலேயே படிப்பை விட்டவர் பலர். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்வி சேரும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5இல் தொடங்கப்பட்டது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் பயின்ற மாணவியருக்கும் அது 2024 இறுதியில் விரிவாக்கப்பட்டது. நம் மறைமாவட்டப் பள்ளிகள் பலவும் உதவி பெறும் பள்ளிகளாதலின் இது நமக்கு நேரடியாகத் தொடர்புடையது. மாணவர்க்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசுப் பள்ளி மாணவருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இலும், பொறியியல், வேளாண்மை முதலிய படிப்புகளில் 2021இலும் ஏற்பட்டது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்குத் தொழிற்கல்வியில் கட்டணச் சலுகை 2010 முதல் நடைமுறைக்கு வந்தது. இதற்கு 'முதல் பட்டதாரி' சான்று வட்டாட்சியர் அலுவலகத்தில் பெற வேண்டும்.

ஆதிதிராவிடரிலிருந்து கிறித்தவரானோரை அரசு பிற்படுத்தப்பட்டோராகக் கணக்கிடுகிறது. இதனால் இட ஒதுக்கீட்டில் இழப்பு உண்டு; அந்த வேதனை நம் திருச்சபையின் நீண்டகால வேதனை. ஆயினும் ஆதிதிராவிடர் நலத்துறையின் கல்வி உதவித்தொகை இவர்களுக்கும் உண்டு என்பதைப் பலர் அறியார். சாதிச் சான்று, வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தேர்வு முடிவுக்கு முன்பே ஒழுங்குபடுத்தி வைத்தல் வேண்டும். சான்றில் ஓர் எழுத்துப் பிழை, ஓராண்டு உதவித்தொகையை விழுங்கிவிடும்.

கல்விக் கடன் வாங்க நேரிட்டால், வங்கியில் வாங்குங்கள், கந்துவட்டிக்காரரிடம் வேண்டாம். வங்கிகளின் பொதுத் திட்டப்படி 4 இலட்சம் ரூபாய் வரை ஈடு கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஓராண்டு வரை தவணை தொடங்குவதுமில்லை. கடனாயினும் அது கடனே. அப்படிப்பு ஈட்டித் தரக்கூடிய ஊதியத்தை எண்ணிப் பார்த்துத் தொகையை அளவிடுதல் அறிவுடைமை.

ஏமாறாதிருக்க

"இடம் வாங்கித் தருகிறேன்" என்று வரும் தரகரை வாசலிலேயே நிறுத்துங்கள். பொறியியல் இடங்கள் கலந்தாய்வில் மதிப்பெண் கொண்டு நிரப்பப்படுகின்றன. கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என 200க்குக் கணக்கிடுவர். இதில் தரகருக்கு வேலையே இல்லை.

செவிலியப் படிப்பில் மிகுந்த எச்சரிக்கை தேவை. சிறு நகரங்களில் ஓராண்டு, ஈராண்டு எனச் சான்றிதழ் தரும் அங்கீகாரமற்ற நிலையங்கள் உண்டு. அவற்றில் பயின்ற பெண், தமிழ்நாடு செவிலியர் மன்றத்தில் பதிவு செய்ய இயலாமல், குறைந்த ஊதியத்தில் உதவியாளராகவே காலந்தள்ள நேரிடுகிறது. மன்றத்தின் அங்கீகாரப் பட்டியலில் அந்நிலையத்தின் பெயர் இருக்கிறதா என்று பார்த்த பின்னரே பணம் கட்டுங்கள்.

ஓரிடத்தில் சேர்ந்தபின் நல்ல இடம் வேறொன்று கிடைத்தால் அஞ்ச வேண்டியதில்லை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 அக்டோபர் அறிவிப்பின்படி, கல்லூரிகள் மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். பிடித்து வைத்தல் கூடாது. சேர்க்கையின் இறுதி நாளுக்குப் பதினைந்து நாள்களுக்கு முன்பே விலகினால், சிறு தொகை நீங்கலாகக் கட்டணம் முழுவதும் திரும்பும். தாமதமாக ஆகக் குறையும். இறுதி நாள் கடந்து முப்பது நாள்களுக்குப் பின் ஒன்றும் கிடைக்காது. எனவே முடிவை விரைந்து எடுங்கள். கட்டிய பணத்துக்கு இரசீது இல்லாமல் வராதீர்கள்.

பங்கு என்ன செய்யலாம்?

இவ்வளவையும் ஒரு தனிக் குடும்பம் தானே அறிந்து செய்வது கடினம். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோர் இணையவழி விண்ணப்பத்தை எங்ஙனம் நிரப்புவர்? இங்கேதான் பங்குச் சமூகத்தின் கடமை தொடங்குகிறது. ஒவ்வொரு பங்கிலும் பட்டம் பெற்ற நாலைந்து இளைஞர் இருப்பர். ஏப்ரல், மே மாதங்களில் ஞாயிறு திருப்பலிக்குப் பின் ஒரு மணி நேரம் அவர்கள் அமர்ந்து, விண்ணப்பம் நிரப்பவும் சான்றுகளைச் சரிபார்க்கவும் துணைநின்றால் எத்தனை குடும்பங்கள் வாழும்! சமய வேறுபாடு பாராது ஊர்ப் பிள்ளைகள் அனைவருக்கும் அந்த மேசையில் இடம் இருக்கட்டும்.

பணத்துக்கும் நம் மண்ணே வழி காட்டியிருக்கிறது. காமராசர் பயின்ற விருதுநகர் சத்திரிய வித்தியாசாலை, வீடுதோறும் திரட்டிய பிடியரிசியால் வளர்ந்த பள்ளி. உலையில் இடுமுன் ஒரு பிடியை எடுத்து ஒதுக்கி வைத்த தாய்மார், தங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமல்லாது ஊராரின் பிள்ளைகளுக்கும் எழுத்தறிவித்தனர். அவர்கள் செல்வர்களாக இருந்ததால் கொடுக்கவில்லை. கொடுப்பதென்று முடிவு செய்ததால் கொடுத்தனர். நம் அன்பியங்கள் மாதந்தோறும் ஒரு சிறு தொகையை ஒதுக்கினால், ஆண்டுக்கு ஒரு பிள்ளையின் முதற்பருவக் கட்டணமாவது சேருமன்றோ?

மழை நம் கையில் இல்லை. குண்டாற்றில் நீர் வருவதும் நம் கையில் இல்லை. ஆனால் வரும் மே மாதத்தில் நம் வீட்டுப் பிள்ளையையும் அண்டை வீட்டுப் பிள்ளையையும் எங்கே, எதற்காக, எவ்வளவு அறிந்து அனுப்புகிறோம் என்பது முற்றிலும் நம் கையில் இருக்கிறது. பிள்ளையோடு அமர்ந்து, கேட்டு, பார்த்து, கணக்கிட்டு, இறைவனை வேண்டி முடிவெடுப்போம்.